அசையாத நாய்

பழைய ஐரோப்பியக் குடும்பப் படங்களில் நாயின் வால் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் புகை தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். பல வீட்டாருக்கு அந்த நாயின் நினைவாக மிஞ்சியது அந்த ஒரு படமாகவே இருந்திருக்கும்.

1839-இல் பாரிசில் தாகேரின் முறை வெளியானபோது ஒரு படத்துக்குப் பல நிமிடங்கள் பிடித்தன. நல்ல லென்சுகள் வந்து அது வினாடிக் கணக்காகக் குறைந்த பிறகும், மனிதர் தலைக்கே பின்னால் இரும்புக் கவை முட்டுக் கொடுத்தார்கள். 'நெ பூழோன் ப்ளூ' என்பார் பிரெஞ்சுப் படக்காரர். 'இனி அசையாதிருப்போம்' என்று தன்னையும் சேர்த்துச் சொல்லும் மரியாதை அது. நாய்க்கு இலக்கணம் ஏது?

1851-க்குப் பின் வந்த கொலோடியன் தகடு வேகமானதுதான். ஆனால் அதில் ஈதர் நாற்றம். கண்ணாடிக் கூரை போட்ட அந்நிய இடத்தில் அந்த வாடையோடு எந்த நாய் சும்மா இருக்கும்? அதனால்தான் அக்காலப் படங்களில் பல நாய்கள் படுத்திருக்கின்றன, அல்லது எசமானர் மடியில் இருக்கின்றன. தகடு நீல ஒளியையே அதிகம் வாங்கியதால் செவலை நாய் கறுப்பாக விழுந்தது வேறு!

1871-இல் மேடாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் ஜெலட்டின் உலர்தகட்டை அறிவித்தார். 1888-இல் கோடக் பெட்டி வந்தது. நாயை அதன் வீட்டிலேயே எடுக்க முடிந்தது.

இன்று கைப்பேசியில் எடுப்பவர்களும் முதலில் நாயை ஒரு சுற்று நடத்திக் கூட்டிவாருங்கள். தண்ணீர் வையுங்கள். சன்னலோரம் அதன் பழைய சாக்கிலேயே படுக்கட்டும். வீட்டில் யாருக்கு அடங்குமோ அவர் பக்கத்தில் உட்காரட்டும். ஃபிளாஷ் வேண்டாம்.