மலைக்கோட்டைக் காட்சியும் மகேந்திரன் சாசனமும்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் பெயரைக் கேளாத தமிழ் மக்கள் இரார். நம் சங்கத்துக் குடும்பத்தாருள்ளும் காவிரி ஸ்நானம், ஸ்ரீரங்க சேவை என்று யாத்திரை செல்வோர் இம்மலைமீது ஏறாது திரும்புதல் அரிது. எனினும், ஏறி வந்தோரை நோக்கி, "ஆங்குக் கண்டது யாது?" என வினவின், "உச்சிப்பிள்ளையாரைத் தரிசித்தோம், ஊர் முழுதும் தெரிந்தது, நல்ல காற்று வீசியது" என்பதே பெரும்பாலும் விடையாகும். அவ்விடையில் குற்றமில்லை. ஆயினும், அம்மலைமீது நின்று நாட்டைப் பார்த்தலாகிய அதனையே ஏறத்தாழ 1,400 ஆண்டுகட்கு முன் ஓர் அரசன் கல்லில் எழுதிவைத்தனன் என்பதை அறிவோர் நம்முள் மிகச் சிலர்.

இக்குன்று சமவெளியின் நடுவே 273 அடி உயர்ந்து தனித்து நிற்பது. 400-க்கு மேற்பட்ட படிகளை உடையது. அடியில் மாணிக்க விநாயகரும், இடையில் சம்பந்தரும் அப்பரும் பாடிய தாயுமானவரும், உச்சியில் பிள்ளையாரும் எழுந்தருளியுள்ளனர். தாயுமானவர் கோயிலைக் கடந்து உச்சிக்குச் செல்லும் வழியில் தெற்கு நோக்கிய குகைக்கோயில் ஒன்று உளது. அதுவே 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த லளிதாங்குர பல்லவேசுவர கிருகம். அதன் மேற்குச் சுவரில் கங்கையைச் சடையில் தாங்கும் கங்காதர மூர்த்தியின் திருவுருவம் செதுக்கப்பட்டுள்ளது. அதன் இருமருங்கும் உள்ள தூண்களில் கிரந்த எழுத்தில் வடமொழிச் சுலோகங்கள் பொறிக்கப்பெற்றுள்ளன. ஹுல்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் அவற்றைப் படித்து 1890-ஆம் ஆண்டில் அச்சிட்டு வெளியிட்டார்.

அச்சாசனத்தின் கருத்து வியக்கத்தக்கது. நிலத்தின்மேல் அமைந்த கோயிலில் இருந்தால் சோழநாட்டின் வளத்தையும் காவிரியையும் தாம் காண்பது எங்ஙனம் என்று சிவபெருமான் வினவினாராம். அதனாலேயே மன்னன் மலைமேல் இக்கோயிலை அமைத்தனனாம். நதிகளிடத்துப் பிரியமுடைய பெருமான் காவிரியிடம் மனம் பறிகொடுப்பாரோ என்று அஞ்சிய உமையம்மை, அந்நதி பல்லவனுக்கே உரியவள் என்று சொல்லிக்கொண்டு இம்மலையில் தங்கியுள்ளாள் என்று மற்றோரிடத்தில் கூறப்படுகிறது. ஆகவே, இங்கிருந்து தெரியும் காட்சி கோயிலுக்கு வாய்த்த உபரி அழகன்று. கோயில் எழுந்த காரணமே அதுதான் எனக் கட்டியவனே சொல்லியிருக்கிறான்.

இஃது வெறும் கற்பனை நயமன்று. மலைக்கு மேற்கே உள்ள உறையூர் பழஞ்சோழரின் தலைநகர். அந்நிலம் பல்லவர் கைக்கு வந்த காலத்தில், சோழரின் வளத்தையும் அவர் ஆற்றையும் தன் தெய்வத்துக்குக் காட்டி, "இவை என்னுடையவை" என்று மகேந்திரன் சாசனம் செய்கின்றான். அழகைப் பாடுவதுபோல் உரிமையையும் நாட்டிக்கொள்கின்றான் என்க.

நிற்க. பின்வந்தோரும் இவ்வுயரத்தை உரிமைக்காகவே நாடினர். மதுரை நாயக்கர் இதனைச் சூழக் கோட்டை வலுப்படுத்தித் தம் தலைநகரங்களுள் ஒன்றாக்கினர். 1751-இல் முகம்மதலி இக்கோட்டையுள் இருக்க, சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் முற்றுகையிட்டனர். அம்முற்றுகையின் இறுக்கத்தைத் தளர்த்தும்பொருட்டே கிளைவ் ஆற்காட்டைக் கைப்பற்றினான். 1752-இல் ஸ்ரீரங்கத்தில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. சந்தா சாகிபு கொல்லப்பட்டான். 1753-இல் பொன்மலையருகே மீண்டும் போர் மூண்டது. கடவுள் காவிரியைக் காணவென்று தேர்ந்த மலை, பகைவர் அசைவைக் காணும் பரணாயிற்று.

இன்று அம்மதில்கள் இல்லை. அவை 19-ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டன. மெயின்கார்டு கேட் என்னும் வாயில் மட்டும் எஞ்சியுள்ளது. அகழியின் சுவட்டைப் புலிவார்டு ரோடுகள் காட்டுகின்றன. உச்சியில் நின்று நோக்குவோர்க்கு வடக்கே காவிரியும், அதற்கப்பால் 1987-இல் நிறைவுற்ற ஸ்ரீரங்கத்து இராஜகோபுரமும், சற்றுக் கிழக்கே திருவானைக்காவும் தோன்றும். அடிவாரத்தில் தெப்பக்குளமும் லூர்து மாதா கோயிலும், தென்கிழக்கே பொன்மலையும் காணலாம்.

இக்காட்சியை முன்னாளில் தமதென்று கூறியோர் வேந்தரும் படைத்தலைவருமே. இன்று படியேறும் எளியவன் எவனும் அதற்கு உரியவன். உரிமை நம்முடையதாயின் காவலும் நம்முடையதேயன்றோ? நம் நாட்டுப் பழங்கட்டடங்களில் கரியாலும் ஆணியாலும் தம் பெயரைக் கீறிவைக்கும் வழக்கம் பல இடங்களில் காணப்படுகிறது. சாசனமுள்ள தூணில் ஒருவன் ஒரு கோடு கிழித்தால் ஓர் எழுத்துச் சிதையும். எழுத்துச் சிதைந்தால் அதன் பொருள் மீளாது. மகேந்திரன் எக்கருத்துடன் இம்மலையைக் குடைந்தான் என்பதை அவன் வாயாற் கூறும் சான்று அத்தூண்களே.

ஆதலின், அன்பர்காள், அடுத்தமுறை குடும்பத்தோடு மலைக்கோட்டை செல்லுங்கால், உச்சிக்கு விரையாமல் அக்குகையின்முன் சிறிது நில்லுங்கள். கல்லைத் தொடாமலும் கீறாமலும் இருக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, தூண்களில் எழுதியுள்ளது யாதென்று எடுத்துரையுங்கள். பின்னர் மேலேறிக் காவிரியைக் காட்டுங்கள். கோடையில் அவள் மணலாய்க் கிடப்பினும், அவள்பொருட்டே இம்மலையில் ஒரு கோயில் எழுந்தது என்பதை அவர்கள் மறவார்.