வழி கேட்ட கம்பர்!

வயசான காலத்தில் கம்பர் நடந்து வருகிறார். சோழ நாட்டை விட்டுக் கிளம்பி, ஊர் ஊராகத் திரிந்து, இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பக்கம் வந்துவிட்டார். போக வேண்டிய ஊர், முடிக்கரை. எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை. அங்கே மேய்ச்சலுக்கு வந்த ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். ''தம்பி, முடிக்கரைக்கு எப்படிப்பா போகணும்?'' என்று கேட்டார்.

பையன் யோசிக்கவே இல்லை. முடிக்கரைக்குப் போகிற வழியை, 'அடி'யையும் 'முடி'யையும் ஜோடி சேர்த்து, ஒரு சிலேடையாகவே சொல்லிவிட்டான்! கவிச்சக்கரவர்த்தி அசந்துபோனார். 'மேய்ச்சல் பையனே இப்படித் தமிழ் பேசுகிற ஊரை விட்டுவிட்டு இன்னும் எங்கே போவது?' என்று அங்கேயே தங்கிவிட்டார். அந்த ஊர்தான் நாட்டரசன்கோட்டை. இன்றைக்கும் கம்பர் சமாதி என்று அங்கே காட்டுகிறார்கள்.

கல்வெட்டு ஆதாரம் எங்கே என்று கேட்காதீர்கள்! இது செவிவழிக் கதை. ஆனால், வழி கேட்கிறவனுக்கு என்ன வேண்டும் என்பதை இந்தக் கதையை விட அழகாக யாரும் சொன்னதில்லை. அந்தப் பையனிடம் மூன்று நல்ல குணங்கள் இருந்தன. ஒன்று, வாயால் சொன்னான். கம்பர் பாதையை விட்டுக் கண்ணை எடுக்கவேண்டிய அவசியமே இல்லை. இரண்டு, கரை நேற்று உடைந்திருந்தால் அதுவும் அவனுக்குத் தெரிந்திருக்கும். மூன்று, அவனுக்கு 'சார்ஜ்' தீராது! இந்த மூன்றையும் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது நீங்கள் கம்பர் இடத்துக்கு வாருங்கள். காரைக்குடியில் கம்பன் விழா. சா.கணேசன் 1939-ல் தொடங்கிவைத்தது. விழாவின் நிறைவு நாள், பங்குனி அஸ்தத்தன்று நாட்டரசன்கோட்டையில்தான் நடக்கும். நீங்கள் பைக்கில் கிளம்புகிறீர்கள். வழி தெரியாது. வண்டியிலேயே கம்பெனிக்காரன் பொருத்திக் கொடுத்த திரையை நம்புவதா? அல்லது பாக்கெட்டில் இருக்கும் செல்போனை எடுத்து ஹேண்டில்பாரில் மாட்டுவதா?

'இதென்ன, நேற்று முளைத்த பிரச்னை' என்று நினைக்காதீர்கள். இதற்கு நூறு வயசு!

1920-களில் இங்கிலாந்தில் ஒரு கைக்கடிகாரம் விற்பனைக்கு வந்தது. அதில் மணி பார்க்க முடியாது. உள்ளே பீடி சைஸில் ஒரு காகிதச் சுருள். அதில் சாலை வரைபடம். திருகைச் சுற்றச் சுற்ற வழி நகரும். அன்றைய 'செல்போன்' என்று வைத்துக்கொள்ளுங்களேன். எந்த வண்டியில் ஏறினாலும் கையோடு வரும். ஆனால், வண்டி ஓட்டிக்கொண்டே அதைத் திருகவேண்டும்.

அடுத்து, 1930-களில் இத்தாலியிலிருந்து வந்தது 'இட்டெர் ஆட்டோ'. இது காரின் டாஷ்போர்டில் உட்காரும். ஸ்பீடாமீட்டர் கேபிளோடு இணைத்திருந்ததால், வண்டி ஓட ஓட வரைபடச் சுருள் தானாகவே உருளும். கையை வைக்கவே வேண்டாம். பிரமாதம்தான்! ஆனால், சுருளில் இல்லாத ஒரு சந்தில் நீங்கள் திரும்பிவிட்டால்..? அது பாட்டுக்குப் பழைய சாலையையே காட்டிக்கொண்டு இருக்கும்!

கவனித்தீர்களா? கையோடு வந்தது கவனத்தைக் கெடுத்தது. வண்டியோடு வந்தது, வழி மாறினால் முழித்தது. நூறு வருஷமாக நாம் இந்த இரண்டுக்கும் நடுவேதான் அல்லாடிக்கொண்டிருக்கிறோம்.

1981-ல் ஜப்பானில் ஹோண்டா கம்பெனி 'எலெக்ட்ரோ கைரோகேட்டர்' என்ற கருவியைக் காரில் வைத்துப் பார்த்தது. அப்போது அதற்கு வழி சொல்ல சாட்டிலைட் கிடையாது. கார் எவ்வளவு தூரம் போச்சு, எந்தப் பக்கம் திரும்பிச்சு என்று தானே கணக்குப் போட்டு, கண்ணாடி போன்ற வரைபடத் தாளுக்குப் பின்னால் ஒரு புள்ளியை நகர்த்தும். எல்லை தாண்டினால் தாளை எடுத்துவிட்டு வேறு தாளைச் செருகவேண்டும். அபாரமான மூளை. ஆனால், விலையைக் கேட்டு ஜனங்கள் ஓடிவிட்டார்கள்.

வானத்திலிருந்து வழி சொல்லும் ஜி.பி.எஸ்-ஸுக்கான முதல் சாட்டிலைட்டை அமெரிக்க ராணுவம் ஏற்கெனவே 1978-ல் ஏவியிருந்தது. அதை நம்மைப் போன்ற சாமானியர்களின் கைக்குக் கொண்டுவந்ததில் ஒரு பெரிய சோகத்துக்கும் பங்கு உண்டு. 1983 செப்டம்பர் 1-ம் தேதி, கொரிய பயணிகள் விமானம் ஒன்று வழி தவறி சோவியத் எல்லைக்குள் நுழைந்தது. சுட்டு வீழ்த்தினார்கள். 269 பேரும் பலி. 'வழி தெரியாமல் இனி யாரும் சாகக்கூடாது... ஜி.பி.எஸ். தயாரானதும் எல்லோரும் பயன்படுத்தலாம்' என்று அறிவித்தது ரீகன் அரசாங்கம். அப்படியும், ராணுவத்துக்குத் துல்லியமாகவும் பொதுமக்களுக்கு வேண்டுமென்றே கொஞ்சம் குழப்பியும்தான் சிக்னல் தந்தார்கள். 2000 மே மாதம்தான் அந்தக் குழப்படியை நிறுத்தினார்கள். அதற்கு முன் நூறு மீட்டர் வரைகூடத் தவறலாம் என்றிருந்த கணக்கு, ஒரே ராத்திரியில் பத்து, இருபது மீட்டருக்கு இறங்கியது.

அதன் பிறகு பைக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? ஹோண்டாவின் 2006-ம் வருஷ 'கோல்டு விங்' பைக், தொழிற்சாலையிலேயே பொருத்திய வழிகாட்டித் திரையோடு வந்தது. பணக்கார பைக்குகளுக்கு இதுதான் இனி நிரந்தரம் என்று தோன்றியது. ஆனால், 2009 அக்டோபரில் கூகுள் ஒரு குண்டு போட்டது. வழிநெடுகக் குரலோடு வழிகாட்டும் வசதியை செல்போனில் இலவசமாகவே கொடுத்துவிட்டது! வழிகாட்டிக் கருவிகளை விற்றுக்கொண்டிருந்த கார்மின், டாம்டாம் கம்பெனிகளின் பங்குகள் அன்றைக்கே தடாலென்று விழுந்தன. காலப்போக்கில், பெரிய கம்பெனிகளும் இறங்கி வந்தன. 2018 கோல்டு விங்கில், போனில் இருக்கும் வரைபடத்தையே வண்டித் திரையில் காட்டும் வசதி வந்துவிட்டது. கார்மினிடம் கருவி செய்து வாங்கித் தன் பெயரில் விற்றுக்கொண்டிருந்த பி.எம்.டபிள்யூ, 2022-ல் செல்போனை மாட்டிவைக்கும் ஒரு தொட்டிலையே அறிமுகப்படுத்தியது.

அப்போ போன் ஜெயித்துவிட்டது என்று அர்த்தமா? அவசரப்படாதீர்கள். 2021 செப்டம்பரில் ஆப்பிள் கம்பெனியே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 'சக்தி வாய்ந்த பைக் எஞ்சின்களின் அதிர்வு, ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம். ஹேண்டில்பாரில் நேரடியாக மாட்டாதீர்கள்' என்று! இது போதாதென்று சித்திரை வெயில் வேறு. செட்டிநாட்டு வெயிலில் ஒரு மணி நேரம் போனைக் காட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்... தோசைக்கல்லாகி, 'ஆளை விடு' என்று அணைந்துவிடும். மழை பெய்தால் திரை விரலுக்குக் கட்டுப்படாது. நடுவில் மச்சான் கூப்பிட்டால் வரைபடத்தை மறைத்துக்கொண்டு அவர் பெயர் வந்து நிற்கும்!

இந்த இடத்தில் நம்ம ஊர் வண்டிகள் ஒரு சமாதானத்துக்கு வந்தன. 2017 டிசம்பரில் கூகுள் டூ-வீலர்காரர்களுக்கென்றே தனி வழிகாட்டும் வசதியைத் தொடங்கியது, இந்தியாவில்தான். அடுத்த இரண்டே மாதத்தில், ஓசூர் டி.வி.எஸ்-ஸின் 'என்டார்க்' ஸ்கூட்டர், போனோடு ப்ளூடூத்தில் பேசி வழி காட்டும் திரையோடு வந்தது. 2020 நவம்பரில், சென்னை ராயல் என்ஃபீல்டின் 'மீட்டியார் 350'-ல் 'ட்ரிப்பர்' என்ற ஒரு சின்ன வட்டத் திரை. முழு வரைபடம் எல்லாம் கிடையாது. ஓர் அம்புக்குறி, திரும்பவேண்டிய தூரம்... அவ்வளவுதான். கணக்குப் போடும் வேலையைப் பாக்கெட்டில் இருக்கும் போன் பார்த்துக்கொள்ளும். 2023-ல் வந்த 'ஹிமாலயன் 450'-ன் திரையில் முழு வரைபடமே தெரிய ஆரம்பித்தது. அங்கேயும் மூளை போன்தான். ஓசூரில் தயாராகும் ஏத்தர் மின் ஸ்கூட்டர் மட்டும் வேறு பாதையில் போனது. வண்டிக்குள்ளேயே சிம் கார்டு, வண்டிக்குள்ளேயே கூகுள் வரைபடம்!

ஆக, எதைத்தான் வாங்குவது என்கிறீர்களா? வயசுக் கணக்குப் பாருங்கள். ஒரு பைக்கை நீங்கள் பத்து, பதினைந்து வருஷம் ஓட்டுவீர்கள். போனை மூன்று, நான்கு வருஷத்தில் மாற்றிவிடுவீர்கள். சாலை வரைபடமோ சில மாதங்களிலேயே கிழடாகிவிடும். ஒரு புதுப் பைபாஸ் போதும். அதனால், வண்டிக்குள்ளேயே பூட்டிவைத்த வரைபடத்துக்காகக் கூடுதல் காசு கொடுப்பதற்கு முன்னால், 'எத்தனை வருஷத்துக்கு இதைப் புதுப்பித்துத் தருவீர்கள்?' என்று ஷோரூமில் கேளுங்கள். பதில் இழுத்தால், 'மூளை போனில், கண்ணாடி வண்டியில்' என்கிற ஏற்பாடே உத்தமம். பழைய வண்டியா? போனைப் பாக்கெட்டில் போட்டு, குரலை மட்டும் கேளுங்கள். அதுவும் ஹாரன் சத்தம் காதில் விழுகிற அளவுக்கு!

ஏன் கண்ணைப் பற்றியே பேசுகிறேன் என்றால், ஒரு சின்னக் கணக்கு. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது இரண்டே இரண்டு விநாடி திரையைப் பார்த்தால், 33 மீட்டரைக் குருடராகக் கடந்திருப்பீர்கள். குறுக்கே ஓர் ஆடு வர, அது தாராளம். 2020 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்த மோட்டார் வாகன விதியும், 'வழி பார்க்க மட்டும் போனைப் பயன்படுத்தலாம்... கவனம் சிதறக்கூடாது' என்றுதான் சொல்கிறது.

திரை எங்கே இருந்தாலும், அதற்குள் இருக்கும் வழி சரியா என்பது தனிக் கேள்வி. 2024 நவம்பரில் உத்தரப்பிரதேசத்தில், பரேலி பக்கம், ஒரு கார் வழிகாட்டிச் செயலி சொன்ன பாதையில் பாலத்தின் மீது ஏறியது. வெள்ளத்தில் அந்தப் பாலத்தின் ஒரு பகுதி ஏற்கெனவே அடித்துச் செல்லப்பட்டிருந்தது. வரைபடத்துக்கு அது தெரியாது. கார் ராமகங்கை ஆற்றில் விழுந்து, மூன்று பேர் இறந்துபோனார்கள். பாலத்துக்கு முன்னால் ஒழுங்கான தடுப்பு இல்லை என்பதும் பெரிய குற்றம்தான். ஆனால், அந்தப் பக்கத்து ஊர் மேய்ச்சல் பையன் ஒருவனிடம் கேட்டிருந்தால், 'அங்கிட்டுப் பாலம் இல்லை' என்று சொல்லியிருப்பான்.

நாட்டரசன்கோட்டைக்கே திரும்புவோம். செட்டிநாட்டின் பெரிய வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில் இருக்கும். பின்கட்டு வாசல் அடுத்த தெருவில் திறக்கும். வரைபடத்தில் வீடு என்பது ஒரு புள்ளிதான். 'வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்று திரை சொல்லும்போது நீங்கள் மாட்டுக்கொட்டகைப் பக்கம் நிற்கவும் வாய்ப்பு உண்டு. அப்போது போனையும் திட்டவேண்டாம், வண்டியையும் திட்டவேண்டாம். எஞ்சினை அணைத்து, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம், ''ஐயா, கம்பர் சமாதிக்கு எப்படிப் போகணும்?'' என்று கேளுங்கள்.

அவர் சிலேடையில் சொல்வார் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். ''சாப்டாச்சா?'' என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் வழி சொல்வார். அதற்கு மட்டும் உத்தரவாதம் தரலாம்!