ஏறாமல் பார்த்த மலை

"அப்பா, இவ்வளவு தூரம் வந்துட்டு மேல ஏற வேணாமா?"

போன மே லீவில் ஆஸ்திரேலியாவின் நட்டநடுவே, உலுரு பாறை முன்னால் நின்று என் பையன் கேட்டது. புனேயில் லீவு விட்டால் சிங்கட், ராஜ்கட் என்று கோட்டை கோட்டையாக ஏறுகிறவன். 348 மீட்டர் உயரச் செம்பாறையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பானா?

ஏறக்கூடாது. அதற்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது.

உலுரு, அனங்கு என்ற பூர்வகுடி மக்களின் இடம். 1873-ல் வில்லியம் காஸ் என்ற வெள்ளைக்கார சர்வேயர் வந்தார். தென் ஆஸ்திரேலிய அரசியல்வாதி ஹென்றி அயர்ஸின் நினைவாக 'அயர்ஸ் ராக்' என்று பெயர் வைத்தார். உச்சிக்கும் ஏறினார். அவரோடு ஏறியவர் கம்ரான் என்ற ஆப்கான் ஒட்டகக்காரர். ஆக, நம்ம பக்கத்து ஆள் ஒருவரும் அந்த ஆரம்பத்தில் இருந்திருக்கிறார்!

1958-ல் பூர்வகுடிகளுக்கான ஒதுக்கீட்டு நிலத்திலிருந்து உலுருவைப் பிரித்து தேசியப் பூங்காவுக்குக் கொடுத்தார்கள். 1964-ல் ஏறுவதற்குச் சங்கிலி போட்டார்கள். வீட்டுக்காரரை யாரும் கேட்கவில்லை. சங்கிலியைப் பிடித்து வரிசையாக ஏறியவர்களுக்கு அனங்கு வைத்த பெயர் 'மிங்கா'. அப்படியென்றால் எறும்பு!

1985 அக்டோபர் 26-ல் நிலம் அனங்குகளுக்கே திரும்பக் கிடைத்தது. அன்றைக்கே 99 வருடக் குத்தகைக்குப் பூங்காவிடம் கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் நிர்வாகக் குழுவில் பெரும்பான்மை அவர்களுக்கு. அப்போதும் உடனே தடை போடவில்லை, "தயவுசெய்து ஏறாதீர்கள்" என்று பல வருடம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். 2017-ல் குழு முடிவெடுத்தது. 2019-ல், அதே அக்டோபர் 26-ல், ஏறும் பாதை மூடப்பட்டது.

நாங்கள் ரேஞ்சரோடு 'மாலா நடை' போனோம். மாலா என்பது கங்காரு இனத்தில் ஒரு சின்ன விலங்கு. மாலா மூதாதையர் சடங்கு நடத்த வந்து ஏறிய வழிதான் பிற்பாடு டூரிஸ்ட்டுகள் ஏறிய வழி என்றார். ஏறும்போது இறந்தவர்கள் 30 பேருக்கு மேல். தங்கள் மண்ணுக்கு வந்த விருந்தாளி செத்தால் அந்தப் பொறுப்பும் துக்கமும் தங்களுடையது என்று அனங்கு நினைக்கிறார்கள். இதைக் கேட்டதும் பையன் வாயே திறக்கவில்லை.

சில இடங்களில் கேமராவை உள்ளே வைக்கச் சொன்னார். ஒரு கதையைப் பாதியில் நிறுத்தி, "நமக்குச் சொல்வது சின்னக் குழந்தைகளுக்குச் சொல்கிற அளவுதான்" என்றார். மீதியை வயதும் தகுதியும் வந்தபிறகு அவர்கள் பிள்ளைகளுக்கே சொல்வார்களாம். சில கதைகள் ஆண்களுக்கு மட்டும், சில பெண்களுக்கு மட்டும்.

காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவனுக்கு எல்லாம் காட்டியாக வேண்டும் என்று நினைக்கிற ஆள் நான். எதைக் காட்டுவது, எங்கே நிறுத்துவது என்று வீட்டுக்காரரே முடிவு செய்வதற்கு நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

நீங்கள் போனால் அந்த நடையை விட்டுவிடாதீர்கள். பூங்கா நுழைவுச்சீட்டு இருந்தால் போதும், தனிக் கட்டணம் கிடையாது. திரும்பும்போது பையன் கேட்டான்: "அந்த மீதிக் கதை அவங்க பசங்களுக்காவது தெரியும்ல?"

தெரியும்டா. அதுதானே முக்கியம்.