ஆறு கை வெண்பனியும் நான் கடன் வாங்கிய தையல் பீரியடும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் உப்பிலியபுரத்தில் பனி என்றால், மார்கழிக் காலையில் பச்சைமலையை மறைத்துக்கொண்டு நிற்கும் புகைமூட்டமும் வைக்கோல் போரில் இறங்கும் ஈரமும்தான். முன்பனி, பின்பனி என்று தமிழில் இரண்டு பருவத்துக்கே பெயர் வைத்திருக்கிறோம். ஆனால் வானத்திலிருந்து பூவாக உதிரும் வெண்பனியை இந்த ஊரில் நின்று பார்க்க முடியாது.

அப்படிப்பட்ட ஊரில் போன கார்த்திகையில் என் வீட்டம்மா வெண்பனி பின்ன உட்கார்ந்தார். கனடாவில் இருக்கும் பேத்திக்கு ஜன்னலில் தொங்கவிட வேண்டுமாம். வெள்ளை நூலும் குரோஷா ஊசியும் எடுத்து, ஒரே மத்தியானத்தில் ஒன்றை முடித்துவிட்டார். வீடியோ காலில் காட்டியதும் பேத்தி சிரித்தாள். "பாட்டி, இதுக்கு எட்டு கை இருக்கு. ஸ்னோவுக்கு ஆறுதான்!"

டிவி கவர், டீப்பாய் விரிப்பு எல்லாம் எட்டாகவும் பதினாறாகவும் பிரித்துப் போட்டுப் பழகிய கை. அவர் என் பக்கம் திரும்பினார். "ஏங்க, நீங்க சயின்ஸ் வாத்தியார்தானே. ஏன் ஆறு?"

"மழைத்துளி உறைஞ்சா அப்படித்தான் ஆகும்" என்றேன். சொன்ன பிறகுதான் சந்தேகம் வந்தது. தேடிப் படித்தேன். நான் சொன்னது தவறு. மழைத்துளி உறைந்தால் வெறும் பனிக்கட்டி உருண்டைதான் கிடைக்கும். மேகத்தில் ஒரு தூசியைச் சுற்றி உறைந்த மிகச் சிறிய துளியின் மேல், காற்றிலுள்ள நீராவி தண்ணீராக மாறாமல் நேரடியாகப் பனிக்கட்டியாகப் படிகிறது. அப்படிப் படிந்து படிந்து வளர்வதுதான் வெண்பனிப் படிகம். இதைத் தவறாகவே பல வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். என்னிடம் படித்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

"ஏன் ஆறு?" என்ற கேள்விக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. செடிகளின் பூவுக்குப் பெரும்பாலும் ஐந்து இதழ், பனிப் பூவுக்கு மட்டும் ஆறு என்று கி.மு. 2-ஆம் நூற்றாண்டிலேயே சீன அறிஞர் ஹான் யிங் குறித்து வைத்தார். கோள்களின் பாதையைக் கண்டறிந்த யோகான்னஸ் கெப்ளர், 1611-இல் இந்தக் கேள்விக்காகவே ஒரு சிறு நூல் எழுதித் தன்னை ஆதரித்த நண்பருக்குப் புத்தாண்டுப் பரிசாகக் கொடுத்தார். தேன்கூட்டையும் மாதுளை முத்துக்களையும் ஒப்பிட்டுப் பார்த்தும் முடிவான விடை அவருக்குக் கிடைக்கவில்லை. நீர் மூலக்கூறுகள் பனிக்கட்டியில் அறுகோண வளையங்களாக அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது 20-ஆம் நூற்றாண்டில் எக்ஸ் கதிர் ஆய்வு வந்த பிறகே தெளிவானது. கெப்ளர் கேட்ட கேள்வியை என் வீட்டுக் கூடத்தில் ஊசியும் நூலுமாக ஒருவர் கேட்டார் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

பனியைப் பார்த்துத் துணியில் வடிவம் போடும் பழக்கமும் புதிதல்ல. ஜப்பானில் தோய் தோஷித்சுரா என்ற குறுநில மன்னர் நுண்ணோக்கி வழியே பனியைப் பார்த்து, 86 வடிவங்களை வரைந்து 1832-இல் நூலாக வெளியிட்டார். அந்த வடிவங்கள் விரைவில் கிமோனோ துணியிலும் தேநீர்க் கிண்ணத்திலும் ஏறிவிட்டன.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் வில்சன் பென்ட்லி என்று ஒரு விவசாயி மகன். அவருடைய அம்மா ஆசிரியையாக இருந்தவர். 15 வயதில் அம்மா கொடுத்த நுண்ணோக்கியில் பனியைப் பார்த்து வரையத் தொடங்கினார். வரைந்து முடிப்பதற்குள் பனி உருகிவிடும். பிறகு நுண்ணோக்கியுடன் கேமராவைப் பொருத்தி, 1885 ஜனவரி 15 அன்று முதல் படத்தை எடுத்தார். அப்போது வயது 19. வாழ்நாளில் 5,000-க்கும் மேல் எடுத்தார். 2,400-க்கும் மேற்பட்ட படங்களோடு அவர் புத்தகம் வந்தது 1931-இல். அதே ஆண்டு டிசம்பரில் இறந்துபோனார். இன்றும் குரோஷாவில் பனி வடிவமைப்பவர்கள் பலர் அந்தப் படங்களை முன்னால் வைத்துக்கொள்கிறார்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. பென்ட்லி அழகானவற்றைப் பொறுக்கி எடுத்தார். உண்மையில் விழும் பனியில் பெரும்பாலானவை ஒரு கை குட்டையாகவோ உடைந்தோ இருக்கும். இதைச் சொன்னதும் வீட்டம்மா, தான் பின்னியதில் கோணலாக இருந்த ஒரு கையைக் காட்டி, "அப்போ இதுதான் நிஜப் பனி" என்றார்.

வடிவத்தைத் தீர்மானிப்பது எது என்று கண்டவர் ஜப்பானிய இயற்பியலாளர் உகிச்சிரோ நகாயா. 1936-இல் ஹொக்கைடோ பல்கலைக்கழக ஆய்வகத்தில், முயல் ரோமத்தின் நுனியில் முதன்முதலாகச் செயற்கைப் பனிப் படிகத்தை வளர்த்தார். குளிரும் ஈரமும் மாற மாற வடிவமும் மாறும். ஈரம் மிகுந்த காற்றில் மைனஸ் 5 டிகிரி அளவில் ஊசிகள். மைனஸ் 15 டிகிரி அளவில் நாம் வாழ்த்து அட்டையில் பார்க்கும் கிளை விட்ட நட்சத்திரம்.

இனி நூலுக்கு வருகிறேன். ஆறு கையையும் சமமாகப் பிரிப்பது எப்படி என்று நான் கோணமானியைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோலப்புள்ளி வைத்துவிட்டார். 7 புள்ளி, 4 வரை, இடுக்குப் புள்ளி. மொத்தம் 37 புள்ளிகள், அப்படியே ஓர் அறுகோணம். நடுப்புள்ளியிலிருந்து ஆறு திசையில் கோடு இழுத்தால் ஒவ்வொன்றுக்கும் இடையில் 60 டிகிரி. பனிப் படிகத்தில் கிளைகளும் 60 டிகிரியில்தான் பிரியும். அதற்கும் அதே புள்ளிவரிசை வழிகாட்டியது.

குரோஷாவிலும் ஓர் ஆறு ஒளிந்திருக்கிறது. ஒற்றைப் பின்னலில் தட்டையான வட்டம் போட, ஒவ்வொரு சுற்றிலும் ஆறு பின்னல் கூட்ட வேண்டும். குறைந்தால் கிண்ணமாகக் குவியும், கூடினால் ஓரம் சுருங்கி அலையடிக்கும். காரணம் நமக்குத் தெரிந்த 2π தான். ஒரு பின்னலின் உயரமும் அகலமும் ஏறக்குறைய சமம். ஆரம் ஒரு பின்னல் கூடினால் சுற்றளவு சுமார் 6.28 பின்னல் கூடும். பனியின் ஆறுக்குக் காரணம் வேறு, நூலின் ஆறுக்குக் காரணம் வேறு. ஆனால் இரண்டும் கணக்குத்தான். இதை அவர் சூத்திரமாகச் சொல்லவில்லை. "ஆறு போட்டாதான் படியும்" என்றார்.

நடு வளையத்தில் 12 பின்னல், இரண்டுக்கு ஒரு கை, நுனியில் மூன்று சங்கிலியில் ஒரு முனை. முடித்ததும் தெர்மாகோலில் குண்டூசியால் இழுத்துக் குத்தி, ஜவ்வரிசிக் கஞ்சி தடவி, மொட்டைமாடி வெயிலில் காயவைத்தார். வெண்பனி எங்கள் ஊர் வெயிலில்தான் விறைத்தது!

இந்த வெள்ளை நூல் வேலை நம் பக்கம் வந்த கதையையும் சொல்ல வேண்டும். 1820-களில் நாகர்கோவிலில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், பெண்கள் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலிசா, ராபர்ட் கால்டுவெல்லை 1844-இல் மணந்து, அந்த வேலையை இடையன்குடிக்குக் கொண்டுபோனார். அது குரோஷா அல்ல; திண்டின் மேல் குண்டூசி குத்தி, நூல்கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னுவது. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855-இல். அதற்கு முன்பே, அடிமைக் குடும்பத்துப் பெண்கள் சிலர் லேஸ் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலைக்கு விலை கட்டினார்கள் என்று மிஷன் பதிவுகள் சொல்கின்றன. சொல்லிக்கொடுத்த அம்மையார்களின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. பின்னி விடுதலை வாங்கிய பெண்களின் பெயர்கள் நம் பாடப்புத்தகத்தில் இல்லை.

ஆந்திராவின் நரசாபூரில் குரோஷா லேஸ் பெரிய ஏற்றுமதித் தொழிலாகவே வளர்ந்தது. 2024-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அங்கே ஆய்வு செய்த ஜெர்மானிய அறிஞர் மரியா மீஸ், 1982-இல் வெளிவந்த நூலில் எழுதியது வேறு. நாளெல்லாம் பின்னிய பெண்களை யாரும் தொழிலாளியாகக் கணக்கில் எடுக்கவில்லை. வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள் பொழுதுபோக்காகச் செய்வது என்றே கருதினார்கள். அதனால் கூலியும் சொற்பம்.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. முழுப் பரீட்சை நெருங்கினால் போர்ஷன் முடிக்க நான் கடன் வாங்கியது எப்போதும் தையல் பீரியடைத்தான். "டீச்சர், சும்மா பூப்போடுற கிளாஸ்தானே, எனக்குக் குடுத்துடுங்க" என்பேன். அவரும் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுப்பார். ஒருநாளும் திருப்பிக் கொடுத்ததில்லை. வட்டமும் கோணமும் சமச்சீரும் அந்த வகுப்பில்தான் கையால் படிக்கப்பட்டன என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. அந்த டீச்சர் இன்று இல்லை. அதனால் கடனை இங்கேயாவது ஒப்புக்கொள்கிறேன்.

பேத்திக்குப் பன்னிரண்டு வெண்பனி போய்ச் சேர்ந்துவிட்டது. எட்டு கை உள்ள முதல் பூவை மட்டும் வீட்டம்மா அனுப்பவில்லை. அது எங்கள் கூடத்தில் தொங்குகிறது.

உங்கள் வீட்டில் அம்மாவோ பாட்டியோ போட்ட லேஸ், குரோஷா விரிப்பு பெட்டியில் கிடந்தால் எடுத்து விரித்து, எத்தனையாகப் பிரித்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். போட்டவர் பெயரையும் ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள்.