நாடகவழி உரையாடல் பயிற்சி

அந்நிய மொழி கற்பவர்களுக்கு ஆளுக்கொரு வேடம் கொடுத்து, எதிரில் நிற்பவரோடு பேசவைக்கும் கற்பித்தல் முறை. ஐரோப்பாவில் இது நெடுங்காலம் லத்தீன் வகுப்புகளில் வளர்ந்தது.

கி.பி. 1000-ஐ ஒட்டி, ஏல்ஃப்ரிக் என்ற ஆங்கிலேயத் துறவி மடத்துப் பள்ளிச் சிறுவர்களுக்காக ஓர் உரையாடல் எழுதினார். அதில் ஒருவன் உழவன், ஒருவன் மீனவன், ஒருவன் வேடன். ஆசிரியர் கேட்கக் கேட்க, அவரவர் தம் பிழைப்பை லத்தீனில் சொல்ல வேண்டும். குளிராலும் கூச்சலாலும் மாடோட்டும் பையனுக்குத் தொண்டை கட்டிவிட்டது என்கிறான் உழவன். திமிங்கிலம் பிடிக்கப் போக மீனவனுக்குப் பயம்.

மறுமலர்ச்சிக் காலத்தில் தேவை இன்னும் கூடியது. லத்தீன் அப்போது யாருக்கும் தாய்மொழி இல்லை. ரோமானியப் பேச்சாளர் சிசரோவைப் படித்தால் மேடையில் முழங்கலாம். நலம் விசாரிக்கவோ சண்டை போடவோ வார்த்தை வராது. அந்த வார்த்தைகள் கி.மு. 2ஆம் நூற்றாண்டு ரோமானியர் டெரன்ஸின் நகைச்சுவை நாடகங்களில் கிடைத்தன. நிக்கலஸ் யூடால் 1530-களில் அவருடைய மூன்று நாடகங்களிலிருந்து பேச்சுத் தொடர்களைத் திரட்டி, ஆங்கில விளக்கத்தோடு நூலாக்கினார். 1534-இல் ஈட்டன் பள்ளியின் தலைமையாசிரியரான இவர், பின்னாளில் ஆங்கிலத்திலும் நகைச்சுவை நாடகம் எழுதினார். வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியிலோ, ஆண்டுதோறும் லத்தீன் நாடகம் போட வேண்டும் என்று முதலாம் எலிசபெத் காலத்து விதிமுறைகளே கட்டளையிட்டன.

டெரன்ஸின் காதல் கதைகளும் எசமானரை ஏய்க்கும் அடிமைகளும் சிறுவர்களுக்கு ஆகாது என்ற எதிர்ப்பும் இருந்தது. கல்வியாளர் கொமேனியஸ் வேறு வழி கண்டார். 1650-களின் தொடக்கத்தில், ஹங்கேரியின் ஷாரோஷ்பட்டாக்கில், தம் லத்தீன் பாடநூலையே நாடகங்களாக மாற்றி மாணவர்களை நடிக்கவைத்தார்.

19ஆம் நூற்றாண்டில் இலக்கணமும் மொழிபெயர்ப்பும் வகுப்பை ஆண்டபோது பேச்சே பின்னுக்குப் போனது.

பாடநூலும் மேடைக்குக் கடன் கொடுத்திருக்கிறது. ஆங்கிலம் கற்க வாங்கிய ‘அசிமில்’ என்ற சுயகற்றல் பாடநூலின் வாக்கியங்களே, 1950-இல் பாரிஸில் மேடையேறிய ‘வழுக்கைத் தலைப் பாடகி’ நாடகத்தை எழுத யூஜின் அயனெஸ்கோவைத் தூண்டின. பிற்பாடு அவரே அமெரிக்க மாணவர்களின் பிரெஞ்சுப் பாடநூலுக்கு உரையாடல்கள் எழுதித் தந்தார்.

பேச்சு மீண்டும் வகுப்புக்குத் திரும்பினாலும், வசனத்தை ஒப்பிப்பது மட்டும் பேச்சாகிவிடாது. வங்காளத்தில் ஆங்கிலக் கல்விப் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் இதற்கு எளிய வழி சொன்னார்: வரியை மனத்துக்குள் படி, தலையை நிமிர்த்து, எதிராளியின் முகம் பார்த்துச் சொல். பிராட்வே நாடக அரங்கிலிருந்து ஜப்பானுக்குப் போன ரிச்சர்ட் வையாவும் இவ்வழியைக் கையாண்டார். அவர் மாணவர்களுக்குக் கொடுத்த சீட்டுகளில் அவரவர் வசனம் மட்டுமே இருக்கும். அடுத்தவர் என்ன சொல்வார் என்பதைக் காது கொடுத்துக் கேட்டால்தான் தெரியும். கேட்கும் பழக்கம் இப்படித்தான் ஒட்டிக்கொள்கிறது. அவருடைய நூல் 1976-இல் வந்தது.

இரண்டே ஆண்டில் ஆலன் மேலியும் ஆலன் டஃபும் எழுதிய நூல், எழுதிவைத்த வசனத்தையும் ஒத்திகையையும் பார்வையாளரையும் விட்டுவிட்டது. சூழலைத் தந்தால் போதும், பேச்சை மாணவர்களே உண்டாக்கிக்கொள்வார்கள் என்பது அவர்கள் முறை.