பிராங்பர்ட் சமையலறையில் எத்தனை மணிக்கு விடியும்?

கட்டடத்துக்குள் வரும் பகல் வெளிச்சத்தைக் கணினியில் கணக்கிடக் கற்றபோது, பயிற்சிக்கு ஓர் அறை வேண்டியிருந்தது. உடன் படித்தவர்கள் வகுப்பறையையும் அலுவலகத்தையும் எடுத்துக்கொண்டார்கள். நான் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி 1926இல் வடிவமைத்த பிராங்பர்ட் சமையலறையை எடுத்தேன். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். நகராட்சிக் குடியிருப்புகளில் இப்படிச் சுமார் 10,000 சமையலறைகள் கட்டப்பட்டன. வரைவது சுலபம் என்று நினைத்தேன்.

நான் பயன்படுத்தியது ரேடியன்ஸ். 1980களில் கிரெக் வார்ட் பெர்க்லி ஆய்வகத்தில் எழுதத் தொடங்கிய மென்பொருள். அது ஒளியை விளக்கிலிருந்து தொடர்வதில்லை. பார்க்கும் கண்ணிலிருந்து பின்னோக்கித் தேடிப் போகிறது. முதல் படத்தில் ஜன்னலுக்கு வெளியே வானம் தெரிந்தது, உள்ளே ஒரே இருட்டு. சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியை எத்தனை முறை பின்தொடர வேண்டும் என்ற எண் பூஜ்யத்திலேயே இருந்திருக்கிறது. அதை ஐந்தாக்கியதும் அறை மெல்ல எழுந்து வந்தது. அலமாரிகளுக்கு நீலப்பச்சை நிறம் கொடுத்தபோது மீண்டும் கொஞ்சம் மங்கியது. ஈக்கள் அந்த நிறத்தை அண்டாது என்று அன்று நம்பினார்கள்.

அடுத்து, எந்த உயரத்தில் வெளிச்சத்தை அளப்பது? மென்பொருள்களில் வழக்கமாக மேசை உயரம்தான். லிஹோட்ஸ்கியோ, காய் நறுக்கும் மேசையை ஜன்னலுக்கு நேர் கீழே போட்டு, உட்கார ஒரு சுழல் முக்காலியும் வைத்தார். சமைப்பவளின் கை எங்கே, கண் எங்கே என்று 1926இலேயே கேட்டவர் அவர். அதற்கு முன் தான் சமைத்ததே இல்லை என்று பின்னாளில் சொன்னவரும் அவரே!

பழைய கணக்கு பகல் வெளிச்ச விகிதம். வெளியே 10,000 லக்ஸ், உள்ளே 200 என்றால் 2 சதவீதம். மேகம் மூடிய வானத்தை வைத்துப் போடுவதால், ஜன்னல் வடக்கு பார்த்தாலும் தெற்கு பார்த்தாலும் ஒரே விடை. காலை, மாலை என்ற பேச்சே அதில் இல்லை.

புதிய கணக்கு ஆண்டு முழுவதுக்குமான வானிலைத் தரவை எடுத்துக்கொள்கிறது. 2012இல் அமெரிக்க ஒளியியல் பொறியாளர்கள் வெளியிட்ட முறைப்படி, காலை 8 முதல் மாலை 6 வரையிலான நேரத்தில் பாதியாவது 300 லக்ஸ் கிடைக்கும் தரைப்பரப்பு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இங்கேதான் நான் நின்றுவிட்டேன். எட்டிலிருந்து ஆறு வரை யாருடைய நாள்? அலுவலகம் போகிறவருடையது. அவருக்குக் காலை உணவு தயாராகும் நேரமும், இரவுப் பாத்திரம் கழுவும் நேரமும் அதற்குள் வரவில்லை.

கணக்கின் நேரத்தைக் காலை 5 முதல் இரவு 9 வரை என்று மாற்றி ஓட்டினேன். விடை சரிந்தது. சரியத்தானே செய்யும், பிராங்பர்ட்டில் டிசம்பரில் எட்டு மணி தாண்டித்தான் விடிகிறது. பயிற்றுநர் அதைத் தவறு என்றார், இயல்பு நேரத்துக்கே திருப்பி வைக்கச் சொன்னார். மதிப்பெண்ணுக்காக வைத்தேன். என் கோப்பை மட்டும் தனியாகச் சேமித்துக்கொண்டேன்.

1970களில் பெண்ணியவாதிகள் இந்தச் சமையலறையைக் கடுமையாக விமர்சித்தார்கள். ஒருத்தி மட்டுமே நிற்கக்கூடிய அறைக்குள் அவளைத் தனியே அடைத்துவிட்டது என்றார்கள். நியாயமான விமர்சனம்தான். லிஹோட்ஸ்கிக்குச் சமையலறை ஒரு வேலை மட்டுமே. நாஜி எதிர்ப்பில் இறங்கி 1941இல் கைதானவர், 1945 வரை சிறையில் இருந்தவர். ஆனாலும் உலகம் அவரிடம் கேட்டது பெரும்பாலும் சமையலறையைப் பற்றித்தான். அவருக்கு அதில் எரிச்சல் உண்டு.

என் மாதிரியில் ஒரு பொருளை விட்டுவிட்டிருந்தேன். பகல் கணக்கில் அதற்கு இடமில்லை என்று நினைத்தேன். கூரையில் ஒரு தண்டவாளம், அதில் நகரும் விளக்கு. அடுப்புக்கோ மேசைக்கோ இழுத்துக்கொள்ளலாம். கடைசியாக அதையும் வரைந்தேன்.