731ஆம் படைப்பிரிவு

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மஞ்சூரியாவில் இயங்கிய ஜப்பானியக் கிருமிப்போர் அமைப்பு. ஏட்டில் இதன் பெயர், குவான்துங் படையின் நோய்த்தடுப்பு, குடிநீர்ச் சுத்திகரிப்புத் துறை. ஆனால் கைதிகளுக்கு வேண்டுமென்றே நோயேற்றி, உயிரோடு அறுத்துப் பார்த்த இடம் இதுதான்.

இதை நிறுவிய ஷிரோ இஷீ, கியோட்டோ பல்கலைக்கழகத்தில் படித்த ராணுவ மருத்துவர். 1925ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை தடைசெய்திருப்பதே கிருமி ஆயுதத்தின் வலிமைக்குச் சான்று என்று மேலதிகாரிகளிடம் வாதாடியவர். 1932இல் டோக்கியோவில் ஆய்வுக்கூடம், அடுத்து பெய்யின்ஹே ஊரில் சோதனைச் சிறை, 1936இல் பேரரசரின் ஆணையோடு நிரந்தரப் பிரிவு என்று அமைப்பு வளர்ந்தது. ஹார்பினை அடுத்த பிங்ஃபாங்கில் பெரும் வளாகம் எழுந்தது. முதல் பிரிவு ஆராய்ச்சிக்கு, இரண்டாவது வெளிக்களச் சோதனைக்கு, மூன்றாவது நீர்வடிகட்டிக்கு, நான்காவது கிருமி உற்பத்திக்கு. ஹைலார், சுன்வூ, லின்கோவ், ஹைலின் ஊர்களில் கிளைகள் இருந்தன. நாஞ்சிங்கின் 1644, சிங்கப்பூரின் 9420 ஆகியவை இதே வகைப் பிரிவுகள்.

சதுரக் கட்டடம் ஒன்றின் நடுமுற்றத்தில், வெளிப்பார்வைக்குத் தெரியாதபடி இரண்டு சிறைகள். அங்கே அடைபட்ட சீனர், ரஷ்யர், கொரியர், மங்கோலியர் எல்லோருக்கும் ஊழியர்கள் வைத்த பெயர் 'மருதா'. மரக்கட்டை என்று பொருள். பிளேக், காலரா, ஆந்த்ராக்ஸ் கிருமிகள் அவர்கள் உடலில் ஏற்றப்பட்டன. கடுங்குளிரில் வெறுங்கையோடு நிறுத்தினார்கள். கையைச் சிறு குச்சியால் தட்டினால் பலகையைத் தட்டிய ஓசை வரவேண்டும். கை உறைந்துவிட்டதற்கு அதுவே அடையாளம்; அப்போதுதான் சோதனை தொடங்கும். குறைந்தது 3,000 பேர் மாண்டனர்.

1945 ஆகஸ்டில் வளாகம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. போருக்குப் பின், இதே போன்ற குற்றங்களுக்காக நூரம்பர்க்கில் நாஜி மருத்துவர்கள் ஏழு பேருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. இஷீயோ விசாரணைக் கூண்டில் ஏறவே இல்லை. சோதனைக் குறிப்புகளைப் பெற்றுக்கொண்ட அமெரிக்கா, அவரையும் சகாக்களையும் வழக்கிலிருந்து காத்தது. மனிதர்மீது சோதனை நடத்தத் தங்கள் ஆய்வுக்கூடங்களில் தயக்கம் இருப்பதால் அங்கே கிடைக்காத தகவல்கள் இவை என்றும், இவற்றைப் பெற 2,50,000 யென்னே செலவானது என்றும் அமெரிக்க ஆய்வாளர் எட்வின் ஹில் 1947 டிசம்பர் அறிக்கையில் எழுதினார். இது பேரம், வேறு சொல் பொருந்தாது.

சோவியத் ஒன்றியம் மட்டும் 1949 டிசம்பரில் கபரோவ்ஸ்க் நகரில் 12 பேரை விசாரித்து, 2 முதல் 25 ஆண்டுவரை தண்டித்தது. 1956க்குள் எஞ்சியோர் ஊர் திரும்பிவிட்டனர். இஷீ 1959இல் தொண்டைப் புற்றுநோயால் இறந்தார்.

வளாகத்தின் இடிபாடு இன்று அருங்காட்சியகம். சீனர் 180 பேர் தொடுத்த வழக்கில், கிருமிப்போர் நடந்தது உண்மை என 2002இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் ஏற்றது, இழப்பீட்டை மறுத்தது. 2007இல் ஜப்பானிய உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளியது.